ஏழாம் நம்பர் தலையாட்டி

பதினான்காம் நம்பர் பம்பை நிறுத்திய செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டருக்கு நாடி நின்றுபோனது. அவர் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், லீவு பாரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு, விரல் நுனியெல்லாம் ஜில்லென்று இருக்கிறதே என்று கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இடது கையில் இல்லை, வலது கையில் இல்லை, கழுத்திலும் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால், ஆளில்லாத வீட்டுக் கதவில் காதை வைத்தது போலிருந்தது. வேறென்ன கேட்பதென்று தெரியாமல் "சாப்டீங்களா?" என்றாள். "ரெண்டு ரொட்டி" என்றார் அவர். ரெஜிஸ்டரில் ரத்த அழுத்தம், எடை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நாடி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவைத்தாள். அவர் போன பிறகு தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஊரில் முப்பத்தொரு எண்ணெய்ப் பம்புகள் இருந்தன. தெருமுனையில், பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் நின்று, இரும்புத் தலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததால் ஊரார் அவற்றைத் தலையாட்டி என்றுதான் சொல்வார்கள். நிமிஷத்துக்குப் பத்து தடவை தலையாட்டும். ஒரு ஆட்டத்துக்கு ஏழு துடிப்பு என்று ஊரில் எல்லோருக்கும் நாடி எழுபதுதான். கிழவருக்கும் எழுபது, காய்ச்சல்காரருக்கும் எழுபது. புதிதாக வருகிற டாக்டர்கள் முதல் வாரம் கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் பழகிவிடுவார்கள். இப்படி முப்பது வருஷம் ஓடியது; யாரும் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் எங்கோ தூரத்தில் எண்ணெய் விலை விழ ஆரம்பித்தது. ஜனவரியில் கொஞ்சம், மார்ச்சில் கொஞ்சம், ஜூனில் தடாலென்று. கம்பெனி வாரத்துக்கு இரண்டு பம்பு என்று நிறுத்தியது. பம்புக்கு மூன்று ஆபரேட்டர், ஆகவே மூன்று பேருக்கு நாடி போகும் என்று நர்ஸ் கணக்குப் போட்டாள். ஆனால் பன்னிரண்டாம் நம்பர் நின்ற அன்று ஆஸ்பத்திரி வாசலில் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். சீருடை தைக்கிற டெய்லர், லாட்ஜ்காரர், முடிவெட்டுகிறவர், கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மச்சினனும். கடைசியில் கீபோர்டு வாசிக்க வகுப்பு எடுக்கிற டீச்சர். "எண்ணெய்க்கும் எனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல, எனக்கு ஏன்?" என்று அவள் சண்டைக்கே வந்துவிட்டாள். அவளிடம் படித்த ஒன்பது பிள்ளைகளில் ஏழு பேருடைய அப்பாக்கள் பன்னிரண்டாம் நம்பருக்குக் குழாய் போட்ட காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர்கள். எந்தத் தலையாட்டி யார் வீட்டு அடுப்பை எரித்தது என்பது கம்பெனிக்கே தெரியாது. நர்ஸின் ரெஜிஸ்டரில் மட்டும் அது பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.

நாடி போனவர்கள் சாகவில்லை. ஷேவ் பண்ணும்போது வெட்டினால் ரத்தம் வரவில்லை, கோபம் வந்தால் முகம் சிவக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பயம் போகவில்லை. பயப்படுவதற்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அதெல்லாம் தேவையே இல்லை என்று அந்த ஊர் அந்த வருஷம் தெரிந்துகொண்டது. பஸ்ஸில், கடையில், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவரும் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துப் பார்ப்பார்கள், பர்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. வெளியூருக்கு வேலை தேடிப் போனவர்கள் மெடிக்கல் பரிசோதனையில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு ஊர் டாக்டர் டெய்லரைச் சோதிக்க மூன்று மெஷினை மாற்றினார், மூன்றும் கெட்டுவிட்டதென்று மெஷின் விற்றவனைக் கூப்பிட்டுத் திட்டினார், கடைசியில் டெய்லரைத் தகுதியற்றவர் என்று எழுதிவிட்டார். டெய்லர் திரும்பி வந்து கடையைத் திறந்து, தைக்கத் துணியில்லாத மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நர்ஸுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து முதல் தடவையாக ஐந்து மாதம். புருஷன் ஏழாம் நம்பர் ஆபரேட்டர். கம்பெனி விதிப்புத்தகத்தைப் பக்கம் பிசகாமல் சொல்லக்கூடிய ஆள் என்பதால் ஊரார் அவரை ரூல்ஸ் என்று கூப்பிட்டார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் கம்பெனி ஆஸ்பத்திரியை மூடியது. மூடிய நிமிஷம் நர்ஸுக்கும் நாடி நின்றது. அவள் முதலில் தன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆட்டத்துக்குப் பதினான்கு துடிப்பு. ஜன்னல் வழியே தெரிந்த ஏழாம் நம்பரைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள், சரியாக இருந்தது. தனக்கே ஓடாத ஒன்று தனக்குள்ளே ஓடுகிறது. ஆஸ்பத்திரிச் சாவியை அவளிடமிருந்து யாரும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. தினமும் வந்து அந்த ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் ரூல்ஸ் கிரீஸ் வைக்கப் பம்பை நாலு நிமிஷம் நிறுத்துவார். அந்த வெள்ளிக்கிழமை நாலு நிமிஷமும் பிள்ளை நின்றுவிட்டது. நர்ஸ் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஓடுகிற பம்புக்கு கிரீஸ் வைக்கக்கூடாது என்பது விதி, அதை அவரால் மீற முடியாது. ஆகவே நாற்பது நொடியில் கிரீஸ் வைக்கக் கற்றுக்கொண்டார். அதற்காகச் சாயங்காலங்களில் வீட்டுக் கதவுக் கீல்களில் பழகினார். ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி "ஓடுதா?" என்பார். "ஓடுது" என்பாள். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டது அப்போதுதான்.

அக்டோபரில் ஏழாம் நம்பர் ஒன்றுதான் மிச்சம். ஒரு புதன்கிழமை மத்தியானம் வெள்ளைத் தொப்பி போட்ட இன்ஜினியர் ஜீப்பில் வந்தான், சின்ன வயசு, மரியாதையான பையன். சுவிட்சை இறக்கினான், அதில் தன் பூட்டை மாட்டினான், பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டான். ரூல்ஸ் விதிப்புத்தகத்தை மனசுக்குள் புரட்டினார், வயிற்றுப் பிள்ளைக்காகப் பம்பை ஓட்டலாம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்ஜினியர் போய்விட்டான். மணி மூன்று நாற்பது. ஆஸ்பத்திரியில் பிள்ளை நின்றது.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் எப்போதும் கேட்பது, ஒரு சுத்தியலை எடுத்துப் பூட்டை உடைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று. சுத்தியல் அங்கேதான் கிடந்தது. ஆனால் அந்த ஊரில் ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடமாட்டார். பூட்டு தொங்கினால் உள்ளே எங்கேயோ ஒருத்தன் கைவிட்டு வேலை செய்கிறான் என்று அர்த்தம். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அவசரக்காரன் பூட்டை உடைத்துச் சுவிட்சைப் போட்டதில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைத் துணியில் அள்ளிக் கட்டியவர்களில் ரூல்ஸும் ஒருவர். அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த நர்ஸ் "உடைங்க" என்றபோது, அவர் சுத்தியலைக் கையில் எடுத்தார், ஓங்கினார், அப்படியே நின்றார்.

"அது என் பூட்டு இல்லம்மா" என்றார்.

"உள்ள இருக்கறது உங்க பிள்ளை இல்லையா?" என்றாள் அவள்.

அவர் அழுதார். நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்து கூடிவிட்ட அத்தனை பேர் பார்க்க, தொப்பி போட்ட தலையோடு, குழந்தை மாதிரி அழுதார். முப்பது வருஷப் பழக்கம், ஒரு கையும் அந்தச் சுத்தியலுக்கு நீளவில்லை. அவருடைய நாடியும்தான் நின்றிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட. அப்போது மெக்கானிக் ஒருவர், திருப்புளி என்று பட்டப்பெயர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பம்பைக் கீழும் மேலும் பார்த்தார். "பூட்டு சுவிட்சுக்குத்தானே போட்டிருக்கான். தலைக்குப் போடலியே" என்றார்.

எல்லோரும் ஸ்பேனரை எடுத்தார்கள். கிணற்றுக்குள் போகிற கம்பியைக் கழற்றினார்கள், மோட்டாரோடு சேர்க்கிற கைகளைக் கழற்றினார்கள். கழற்றிவிட்டால் தலையாட்டி வெறும் ஏற்ற இறக்கப் பலகைதான், பூங்காவில் பிள்ளைகள் ஆடுவது போல. முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. இந்தப் பக்கம் டெய்லரும் லாட்ஜ்காரரும், அந்தப் பக்கம் கண்ணாடிக் கடைக்காரரும் மச்சினனும். கீபோர்டு டீச்சர் கையைத் தட்டித் தாளம் கொடுத்தாள், நிமிஷத்துக்குப் பத்து. பிள்ளை நின்று இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. நர்ஸ் தரையில் உட்கார்ந்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. மூன்றாவது ஆட்டத்தில் "ஓடுது" என்று அவள் கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அன்று சாயங்காலமே ரூல்ஸ் ஷிப்டு அட்டவணை எழுதி ஒட்டினார். எண்பத்துநாலு பேர், பக்கத்துக்கு இரண்டு, இரண்டு மணி நேரம், இருபத்துநாலு மணியும். இழுத்தவர்களில் பெரும்பாலோர் வேறு பம்புகளின் ஆட்கள். ஏழாம் நம்பர் ஆடி அவர்களுக்கு நாடி வரப்போவதில்லை. ஏன் இழுக்கிறீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டதற்கு டெய்லர், "சும்மாதானே இருக்கேன்" என்றார். ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. அழுத சத்தம் கேட்டு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் குஷியில் வேகமாக இழுக்க, குழந்தைக்கு மூச்சு வாங்கிவிட்டது. நர்ஸ் படுத்த இடத்திலிருந்தே திட்டினாள்.

கம்பெனி இடத்தை யாருக்கோ விற்றது, வாங்கியவன் வந்து பார்க்கவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து எண்ணெய் விலை ஏறியதாகப் பேப்பரில் வந்தது. அது வேறு ஊர்களுக்கு ஏறியது. புதன்கிழமைக் காலையில் லாட்ஜ்காரர் முறை, அவர் மெத்தனமான ஆள், அன்றைக்குப் பெண் மந்தமாக இருப்பாள். பள்ளியில் அவள் ஓட வேண்டுமென்றால் டிரில் மாஸ்டர் முதலில் விசில் அடிப்பார். விசில் கேட்டுக் கயிற்றுக்காரர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள், அதற்குப் பிறகுதான் அவள் கோட்டைத் தாண்டுவாள். நானூறு மீட்டர் வேண்டாம் என்று இரு தரப்பும் பேசி முடிவு செய்தார்கள். புயல் வந்த ஒரு வருஷம் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தார்கள்.

பயம் மட்டும் நர்ஸை விடவில்லை. அட்டவணையில் எண்பத்துநாலு பேர் அறுபது ஆனார்கள், நாற்பத்தொன்று ஆனார்கள். சிலர் பிள்ளைகளோடு போனார்கள், சிலருக்கு முட்டி போயிற்று, மூன்று பேர் தூங்கினவர்கள் எழுந்திருக்கவில்லை. நாடி பார்த்துச் சொல்ல வழியில்லாததால் அவர்களை எடுக்க நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் மூன்றாகி நான்கானது. ஒவ்வொரு தடவை யாராவது ஒரு பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்தாலும் நர்ஸ் அட்டவணையில் மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணுவாள். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். "விடும்மா, வலிக்குது" என்பாள் பெண்.

பெண்ணுக்குப் பத்து முடிந்த வருஷம் அட்டவணையில் இருபத்துமூன்று பேர், பக்கத்துக்கு ஒருவர்தான். திங்கட்கிழமை ஆறிலிருந்து எட்டுக்கு ஒரு பக்கத்துக்கு ஆள் இல்லை. ரூல்ஸ் அந்தக் கட்டத்தை மூன்று நாள் காலியாகவே வைத்திருந்தார். பெண் பேனாவை எடுத்து அதில் தன் பெயரை எழுதினாள். நர்ஸ் கூடாது என்றாள், கத்தினாள், பேனாவைப் பிடுங்கி எறிந்தாள். "பின்ன யாரு இருக்கா?" என்று பெண் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் கயிற்றைப் பிடித்து முதல் தடவை இழுத்தாள். தலை இறங்கியது, நெஞ்சுக்குள் ஏழு தடவை அடித்தது. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என்ன ஆகும் பார்ப்போமே என்று கையை நிறுத்தினாள். உதடு வெளுத்தது, கண்ணில் கலக்கம் வந்தது. நர்ஸ் பாய்ந்தாள், ரூல்ஸ் அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் நாடியும் ஏழாம் நம்பரோடு போவதுதான், அவர் உதடும் வெளுத்திருந்தது. "அவளே இழுக்கட்டும்" என்றார். பெண் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பயந்துபோய்க் கயிற்றை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். அன்று முதல் திங்களும் வியாழனும் ஆறிலிருந்து எட்டு வரை அவள் முறை. அந்த நாட்களில் பள்ளிக்குக் கொஞ்சம் தாமதமாக வருவாள். வகுப்பு டீச்சர் ஒன்றும் கேட்பதில்லை.