பட்டன் மேலே இருக்கிற கிடார்

ராயபுரத்தில் எந்த வீட்டு அலமாரி மேல் பழைய கிடார் தூசி படிந்து கிடந்தாலும் வில்சனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருஷமாக அவனுக்கு இதே பிழைப்பு. அவன் தேடியது ஒன்றே ஒன்றைத்தான்: இடது கைக்காரர்களுக்கென்றே செய்த பழைய எலெக்ட்ரிக் கிடார்.

வில்சன் பிறவியில் வலது கைக்காரன். கல்யாண ரிசப்ஷன்களில் அவன் வாசித்தால் பந்திக்குப் போக மறந்து நின்றவர்கள் உண்டு. எண்ணூர் பட்டறையில் ஒருநாள் பிரஸ் மெஷின் அவன் இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் வாங்கிக்கொண்டது. கம்பியை அழுத்துகிற கை அதுதான். பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்கள். அவனோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிவு கட்டிவிட்டான். வலது கை முழுசாக இருக்கிறது, இனி அது அழுத்தட்டும். இடது கையில் மிச்சமிருக்கிற கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மீட்டட்டும். நாற்பத்தைந்து வயதில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதானே.

தன் கிடாரையே திருப்பிப் பிடித்துப் பார்த்தான். கீழே இருக்க வேண்டிய சவுண்டு பட்டன்கள் மேலே வந்து முழங்கையில் இடித்தன. பாட்டு நடுவில் சத்தம் பொசுக்கென்று செத்தது. கடையில் புது இடது கைக் கிடார் ஒன்று கிடைத்தது. கம்பி ஓடுகிற கழுத்து உலக்கை மாதிரி தடி, சத்தம் தகரம். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தவற்றுக்குக் கழுத்து மெல்லிசு. புதிதாகப் பழகுகிற விரலுக்கு அதுதான் சரி என்று பிடிவாதமாக இருந்தான்.

செகண்ட் ஹேண்ட் ஆப்பில் 'லெஃப்ட் ஹேண்ட்' என்று தேடி எதுவும் கிடைக்காமல், படத்தை நம்பி மணலி புதுநகர் வரை வண்டியை விரட்டியிருக்கிறான். போய்ப் பார்த்தால் சாதா கிடார். விற்கிறவன் கண்ணாடி முன்னால் நின்று செல்ஃபி எடுத்துப் போட்டிருக்கிறான், படத்தில் எல்லாம் இடம் வலமாகிவிட்டது. பழைய வாத்தியம் விற்கிற அமீருதீன் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமு, வுட்டுத் தள்ளு. லெஃப்ட்டுக்குன்னு தனியா கிடாரு கீதுன்னே இங்க பாதி பேருக்குத் தெரியாது."

திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவனுக்கு வழியில் பொறி தட்டியது. தெரியாதவன் எப்படி லெஃப்ட் என்று எழுதி விற்பான்? கோளாறு என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பான்! அன்றைக்கே அதே ஆப்பில் தானே ஒரு விளம்பரம் போட்டான்: 'பட்டன் மேலே இருந்து கையில் இடிக்கிற, ஒத்துவராத பழைய கிடார் இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.' அமீருதீன் அதற்கும் சிரித்தான். ஆனால் எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள்.

போன் பண்ணின பிலோமிக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். குடியிருப்பில் இரண்டாவது மாடி, வாசலில் 'இங்கு பிளவுஸ் தைக்கப்படும்' போர்டு. துணி வெட்டிக்கொண்டே தலையாட்டி உட்காரச் சொன்னாள். வில்சன் பெட்டியைத் திறந்தான். சிவப்பு நிற ஜப்பான் கிடார். கழுத்து மெல்லிசு. திருப்பி இடது கைக்குப் பிடித்தான், பட்டனெல்லாம் கீழே வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. கம்பிகளை மட்டும் எவனோ வலது கை வரிசைக்கு மாற்றிப் போட்டிருந்தான்.

"இத்த எத்தினி வருசமா வெச்சுகினு கீறீங்க?"

"எனக்குப் பன்னெண்டு வயசுல வந்துச்சுப்பா. எங்கப்பா கப்பல்ல குக்கு. யோகோஹாமால வாங்கி, ஊருக்கு வந்த கப்பல் கூட்டாளி மஜீது மாமா கைல எனக்குன்னு குடுத்தனுப்புனாரு. அப்பா வரல. கப்பல்லயே நெஞ்சுவலி."

"ஐயோ."

"கம்பி உல்ட்டாவா கீதுன்னு கொயர் மாஸ்டர்தான் கழட்டி ஒழுங்கா போட்டாரு. கோயில்ல பெஞ்சு மேல வரிசையா உக்காந்து வாசிக்கணும். எல்லா கிடாரும் ஒரே பக்கம் நீட்டணும். நான் மாத்திப் புடிச்சா பக்கத்துப் பொண்ணு மண்டைல இடிக்கும். சோத்துக் கைல வாசின்னு ஸ்கேலால போடுவாரு." பிலோமி துணியைத் திருப்பிப் போட்டாள். "இன்னா பண்ணாலும் பட்டன் இடிக்கும். ஈஸ்டர் பூசைல நடுவுல சவுண்டு போயி கோயிலே திரும்பிப் பாத்துச்சு. அன்னிக்கு மூடி வெச்சதுதான். பாவம் எங்கப்பா, ஏமாந்த சோணகிரி. எவனோ கழிச்சுப் போட்டத்த அவரு தலைல கட்டிட்டான்."

அப்போதுதான் வில்சன் அவள் கையைக் கவனித்தான். கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கிடாரை வண்டியில் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். இரண்டு வருஷ அலைச்சல் அன்றோடு முடிந்திருக்கும். கோளாறுதான் அக்கா என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. செத்த மனுஷனைச் சோணகிரி ஆக்கிவிட்டு அவர் வாங்கிய பொருளைத் தூக்கிக்கொண்டு போக அவனுக்கு மனசு வரவில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது, ஆனாலும் சொன்னான்.

"அக்கா, உங்கப்பா ஏமாறல. இது கோளாறு இல்ல. பீச்சாங்கைக்காரங்களுக்குன்னே செய்யறது. கடைல நூறு கிடாரு இருந்தா இது ஒன்னு இருக்கும், இல்ல அதுவும் இருக்காது. உங்களுக்கோசரம் கேட்டுத் தேடி வாங்கிகீறாரு."

பிலோமி வெட்டுவதை நிறுத்தினாள். "எனக்கோசரமா?"

"வேற யாருக்கு?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு கம்பிகளையும் கழற்றி, இடது கையில் மிச்சமிருந்த விரல்களாலும் வலது கையாலும் தட்டுத் தடுமாறி, அப்பா அனுப்பிய வரிசையிலேயே திரும்ப மாட்டினான். அவள் மடியில் இடது கைக்குத் திருப்பி வைத்தான். அவள் பயந்து பயந்து ஒருமுறை மீட்டினாள். முழங்கையில் எதுவும் இடிக்கவில்லை. இன்னொரு முறை மீட்டினாள்.

"நைனா..." என்று அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு கிடாரைக் கட்டிக்கொண்டு, வந்த ஆள் முன்னால் என்ற கூச்சமில்லாமல் ஓவென்று அழுதாள். "இத்தினி வருசமா உன்னத் திட்டிகினு கீறேனே நைனா!"

வில்சனுக்கும் கண் கலங்கியது. அழுகை அடங்கும் வரை கிடார் பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டு இருந்தான்.

"தப்பா நெனைக்காத தம்பி," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இத்த விக்க மாட்டேன்."

"தெரியும்க்கா. விக்காதீங்க." அவன் எழுந்திருக்கவில்லை. "ஆனா நான் வராம இருக்க மாட்டேன். நாளைக்கு வருவேன், அதுக்கு அடுத்த நாளும் வருவேன். நீங்க துணி தெக்கிற நேரத்துல இது சும்மாதானே கெடக்கும்? பூட்டிகினாலும் வாசல்ல குந்திகினு இருப்பேன்."

பிலோமி அவன் கையைப் பார்த்தாள். முதல் தடவையாக அந்த இரண்டு விரல் இல்லாத இடத்தைப் பார்த்தாள். வெட்டிக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கிடாரை அவன் மடிக்கு நகர்த்தினாள்.

வலது கை விரல்களால் மெல்லிய கழுத்தைச் சுற்றிப் பிடித்து, மூன்று கம்பிகளை அழுத்தினான். இடது ஆள்காட்டி விரல் மீட்டியது. ஒரு கம்பி மட்டும் பேசியது, மற்றதெல்லாம் கட்டையைத் தட்டினது மாதிரி மழுங்கியது.

"கலீஜா கீது," என்றாள் பிலோமி.

"கீது," என்றான் வில்சன். விரலை இன்னும் பலமாக அழுத்தினான்.