விசிறி யார் பக்கம்

என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஆயுசு பூராவும் நெருப்புக்கு முன்னால் நின்றவர், ஊசி போட ஆரம்பித்த பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குள் உலாத்தினார்.

"என்னடி இது, உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டின மாதிரி எரியுது!"

"எனக்கு மாதவிடாய் நின்னப்ப இதையேதான் சொன்னேன். எப்படிக் கிண்டல் பண்ணீங்க?"

கிண்டல் செய்தாலும், அந்த வாரமே பட்டறையில் ஓர் இரும்புக் கால் அடித்து, மேசை விசிறியை அதில் பொருத்திக் கட்டிலில் என் பக்கம் நிறுத்தினார். இப்போது அதை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். லேசில் விடுகிற ரகம் இல்லை. அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா முதல் நாளே புட்டுப்புட்டு வைத்துவிட்டார். முதலில் ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியும் மாத்திரையும். கட்டி சுருங்கியதும் ஆபரேஷன். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஊசி.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயின் அளவைக் காட்டும் எண் சரசரவென்று இறங்கியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட்டைப் பட்டறைச் சுவரில் ஒட்டாததுதான் பாக்கி.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் மருத்துவமனை நர்ஸ் எனக்குப் போன் செய்தார். "சார் ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டாரே, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் பட்டறைக்குப் போனேன். ஒரு கேட்டுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்சை அணைத்தேன்.

முகமூடியைத் தூக்கினார். "எண்ணுதான் இறங்கிடுச்சே. வீணா எதுக்கு வெட்டணும்?"

"மருந்து அதை அடக்கித்தான் வெச்சிருக்கு, ஒழிச்சிடலன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா?"

கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஊசியே என்னைப் பாதி ஆளாக்கிடுச்சு. பக்கத்துல படுத்தா உடம்புல ஒண்ணுமே தோணலை. வெட்டினப்புறம் மூத்திரம்கூட கொஞ்ச நாளைக்கு அடங்காதாம். அப்புறம் நான் உனக்கு எதுக்கு?"

இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி இறங்கிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது.

"எனக்கும்தான் எல்லாம் நின்னுச்சு. அப்ப என்னை எங்கம்மா வீட்டுக்கா அனுப்பினீங்க? ஃபேனுக்குக் கால் அடிச்சுக் கொடுத்தீங்க. அந்த ஆளு எனக்கு வேணும். டயப்பர் கட்டிக்கிட்டு வந்தாலும் பரவாயில்லை, உயிரோட வாங்க."

கேட் கேட்டு வந்த வாடிக்கையாளர் வாசலிலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். இவர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க கேட்டு அடுத்த மாசம்தாங்க. எனக்கு ஆபரேஷன் இருக்கு."

கிளம்பும் நாள் காலையில், பையோடு வாசல் வரை வந்தவர் திரும்பி உள்ளே போனார். இரும்புக் கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். விசிறியைக் கட்டிலில் என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"நான் வர்ற வரைக்கும் உன் பக்கம் இருக்கட்டும்," என்றார். "வந்தப்புறம் எனக்குத்தான். ஊசி இன்னும் பாக்கியிருக்கு."