ஒரு சொம்புத் தண்ணீர்

தண்ணி லாரி வரும் நாளெல்லாம் பச்சைக் குடம் ஒன்று படியேறி வருகிறது, தளும்பித் தளும்பி, அதைச் சுமக்கும் இடுப்பு என் மனைவி ஜெயக்கொடியுடையது, நான் மூன்றாவது மாடி வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோயம்பேடு மார்க்கெட்டில் நான் வெங்காய மூட்டையை முதுகில் வாங்கினால் லாரி டிரைவர்களே திரும்பிப் பார்ப்பார்கள், அப்பேர்ப்பட்டவன், வெட்கமாக இருக்கிறது, எதிர்வீட்டுக்காரி பார்க்காததுபோல் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள், பார்த்துத் தொலைத்தாலாவது பரவாயில்லை. இதே நாற்காலியில் வைத்துத்தான் நெஞ்சு வலி வந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், நெஞ்சின் மேல் மூட்டை ஒன்று இறங்க மாட்டேன் என்கிறது, அண்ணன் என்னா கனம்டா என்கிறான் ஒருத்தன், அந்த வலியிலும் எனக்குக் கூச்சம், பிறகு வெள்ளை விளக்கு, மூக்கில் குழாய், தண்ணி லாரி வந்துடுச்சு என்று யாரோ கத்துகிறார்கள், நான் குடத்தைத் தேடுகிறேன், அது ஆஸ்பத்திரியா கனவா, இன்னமும் தெரியவில்லை. பொழைச்சிட்டீங்க, இனிமே கனம் மட்டும் தூக்காதீங்க என்று சிரித்தார் டாக்டர், தூக்காவிட்டால் நான் யார், வீட்டுக்கு வந்த நாளாகச் சோறு இறங்கவில்லை, கண் மூடினால் தூக்கமில்லை, விடிந்தால் ஐயோ விடிந்துவிட்டதே என்றிருக்கும்.

நேற்று லாரி வந்தபோது ஜெயக்கொடி கடைக்குப் போயிருந்தாள், நான் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன், நிரப்பி, தோளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டேன், வேலை செய்துகொண்டே போய்விட்டான் மனுஷன் என்று தெரு சொல்லும், அந்தச் சாவிலாவது மானம் இருக்கும், முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்குகிறது, பின்னால் காய்கறிப் பையோடு ஜெயக்கொடி, கத்தவில்லை, குடங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கீழே வைத்தாள், யோவ், தண்ணி எடுக்கப் போனியா, இல்ல போய்ச் சேரப் போனியா, உண்மையச் சொல்லு. நான் சுவரைப் பார்த்தேன், அவள் முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், நாற்காலில நீ உக்காந்திருக்கன்ற நெனப்புலதான்யா ஒவ்வொரு படியும் ஏர்றேன், அது காலியா இருந்தா இந்தத் தண்ணி எனக்கு எதுக்குய்யா, நாளான்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வா, நீ தூங்காதது துன்னாதது, இன்னிக்குப் பண்ணது, எல்லாத்தையும் டாக்டராண்ட சொல்லலாம். சரி என்றேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இன்றும் லாரி வந்தது, பச்சைக் குடம் படியேறுகிறது, அவள் முன்னால், பின்னால் நான், கையில் ஒரு சொம்புத் தண்ணீர், மூட்டை தூக்கிய கையில் சொம்பு, தெருவே பார்க்கிறது, காதெல்லாம் சுடுகிறது, ஒரு படி, நின்று மூச்சு, இன்னொரு படி, எதிர்வீட்டுக்காரி இன்றைக்குத் தலை நிமிர்ந்து பார்த்து ஒதுங்கி நிற்கிறாள், என்னாண்ணே தண்ணியா, ஆமாம்மா, சொம்பு தளும்புகிறது, சிந்திவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.