ஸ்பீக்கர் வீட்டின் தரைமட்டம்

ரயில் நிலையத்தில் காலமெல்லாம் மைக் பிடித்து அறிவிப்புச் செய்த அந்த மனிதருக்குச் சொந்தபந்தங்கள் வைத்த பெயர் ஸ்பீக்கர். வேலைக்குத்தான் ஓய்வு கிடைத்தது, குரலுக்குக் கிடைக்கவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாங்கிப் போட்ட மனையில் இப்போது வீடு கட்டுகிறார். அவர் கொத்தனாரிடம் மெதுவாகப் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும்.

அவருடைய ஒரே மகளுக்குப் பருவநிலை ஆராய்ச்சியில் வேலை. வீட்டைப் பார்க்கக் கைக்குழந்தையோடு வந்தவள், சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"தரையை இன்னும் மூணு அடி தூக்குங்கப்பா. கடல் ஏறிக்கிட்டே வருது. இப்படியே கட்டினா, மழைக்காலத்துல பிள்ளையத் தூக்கிட்டு இங்க வந்து தங்க மாட்டேன்."

ஸ்பீக்கருக்குச் சுருக்கென்றது. பேத்தி தவழ்ந்து விளையாடத்தானே இந்த வீடே! ஆனால் உடனே விட்டுக்கொடுத்துவிட்டால் அவர் மரியாதை என்னாவது?

"நாளைக்கு மழை வருமான்னு கேட்டா முழிப்பீங்க. அம்பது வருஷம் கழிச்சு கடல் எங்க நிக்கும்னு மட்டும் தெரியுமாக்கும்! வண்டி இத்தனை மணிக்கு வரும்னு ஆயுசு பூரா சொன்னவன்டி நான். சொன்ன நேரத்துக்கு எது வந்துச்சு?"

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். ஓசியில் இப்படி ஒரு கச்சேரி தினமும் கிடைக்குமா?

மகள் கோபப்படவில்லை. "எங்க கணக்கும் தப்பலாம்ப்பா. ரெண்டு அடியா, நாலு அடியா, எந்த வருஷம்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"அப்படிச் சொல்லு!" ஸ்பீக்கருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க, ஒரு வண்டி ஒரு மணி நேரம் லேட்டுன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? சனமெல்லாம் நம்பி சாப்பிடப் போச்சு. வண்டி அரை மணியில வந்துட்டுக் கிளம்பியும் போயிடுச்சு. அன்னைக்கு உங்கள அடிக்கவே வந்தாங்க."

ஸ்பீக்கர் அவள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார். கணிப்பு தப்பினால் தாமதமாகத்தான் தப்பும் என்று தன் வசதிக்கு நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. கடல் முன்கூட்டியே வந்தால்? தவழும் பிள்ளையை எங்கே விடுவது?

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொத்தனாரிடம் திரும்பினார். "தரையை நாலு அடி தூக்கிடுப்பா. என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி. படியோட ஒரு சரிவுப் பாதையும் போட்டுடு."

"மூணு அடிதானேப்பா நான் சொன்னேன்?" என்றாள் மகள்.

"உன் கணக்கை யாரு நம்புறது?" என்றபடி பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.