எஃகுமாறனின் இடது கை

முப்பது வருடமாக விற்றுவந்த, எஃகுமாறன் என்ற சாகச வீரனின் பொம்மையைக் கம்பெனி புதிதாக வார்த்து வெளியிட்டபோது, திண்டுக்கல் ரசிகர் பேரவைத் தலைவர் பிராங்கிளின் அதை வரவேற்கவில்லை, விசாரித்தார். முதலில் பெட்டியை மோந்து பார்த்தார். வாசனையே சரியில்லை. பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்த தன் பழைய எஃகுமாறனை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பாத்தியாக்கா? பழசுல இடது உள்ளங்கை வெளிய பாக்கும், எதிரியத் தடுக்க. இதுல உள்ள பாக்குது. வீரத்தையே திருப்பிப்புட்டாய்ங்க!"

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த அக்கா ஷைனி நிமிர்ந்தாள்.

"ஏலே, சின்னதுல இவனக் குடிலுக்குக் காவல் நிப்பாட்டி, ஒட்டகத்தோட சண்ட போடவிட்டு கைய ஒடிச்சியே, மறந்துட்டியா? நீ அழுத அழுகைக்கு நாந்தான் பசை போட்டு ஒட்டுனேன். அவசரத்துல திருப்பி ஒட்டிட்டேன் போல."

பிராங்கிளின் பழைய பொம்மையின் கையைத் திருப்பிப் பசைத் தடத்தைத் தேடினார். அந்தக் கைதான் பேரவையின் சின்னம். அதற்குக் கீழே 'போலியை ஒழிப்போம்' என்று எழுதி, பழனிக் கிளை வரைக்கும் பனியன் அடித்துக் கொடுத்தாயிற்று. நாளைக் கூட்டத்தில் புதுப் பொம்மையை அவர் கண்டித்தே ஆக வேண்டும். தயங்கினால் தலைவர் நாற்காலியில் உட்கார நிலக்கோட்டை ஸ்ரீராம் காத்திருக்கிறான்.

இரண்டு பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல முகம் தெளிந்தது.

"அப்பக் கம்பெனிக்காரய்ங்க மொதல்லருந்தே தப்பாத்தான் செஞ்சிருக்காய்ங்க. நீதான் சரி பண்ணிருக்க. அந்தப் பசை இருக்காக்கா? இந்தப் புதுசு கையையும் ஒடிச்சுத் திருப்பி ஒட்டிருவோம்."