கித்தானுக்குள் வந்த கருவாடு

தேயிலை மூட்டைகள் மறுபடியும் கிள்ளான் கிடங்கிலிருந்து திரும்பி வந்தபோது தோட்டத் துரைக்குப் பொறுமை போய்விட்டது. வாடை அடிக்கிறதாம். என்ன வாடை, எங்கே ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. துரைக்குத் தொழிற்சாலை வாசல் வரை தெரியும். கிடங்குக்காரர்களுக்கு மூட்டையைப் பிரித்த பிறகு தெரியும். நடுவிலிருந்த அத்தனை நீளப் பாதையையும் கவனிக்க நாதியில்லை. பழி மட்டும் சரியாக வழி கண்டுபிடித்து, இலை காயவைக்கும் பக்கிரிசாமியின் தலையில் வந்து விழுந்தது. வேலை போயிற்று, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போயிற்று.

"நாளெல்லாம் அந்த அனல்ல வெந்தீங்க. கண்ணவிஞ்ச துரை!" என்று அவன் மனைவி செல்லம் பொருமினாள்.

"விடுலா. கீழ தாப்பாவுல உங்கண்ணன் இருக்காருல்ல, அங்க போயிடலாம்" என்றான் அவன்.

கிள்ளானுக்குத் தேயிலை ஏற்றிப்போகும் லோரியிலேயே கிளம்பினார்கள். பக்கிரிசாமி முன்னால், டிரைவர் இராமையாவின் பக்கத்தில். செல்லம் பின்னால், தேயிலை மூட்டைகளோடும் சட்டிபானைகளோடும். ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. இராமையா இறங்கி வந்து கித்தானை இழுத்து மூடினார்.

மூடியதும் வந்தது அந்த வாடை. செல்லத்துக்கு நன்றாகத் தெரிந்த வாடை.

குளிர்மலையில் நல்ல கருவாடு ஏது? கிள்ளானிலிருந்து காலியாகத் திரும்பும் லோரியில் லயத்துக்கே கருவாடு வரவழைத்தவள் அவள்தான். வீடு வீடாகக் கேட்டு இராமையாவிடம் சொல்வாள். "நனையாம கித்தான்ல சுத்திக் கொண்டாங்கண்ணே" என்றதும் அவள்தான். அதே கித்தான்தான் போகும்போது தேயிலைக்குப் போர்வை.

பலகையை ஓங்கித் தட்டினாள். லோரி நின்றது.

"பாவி நான்தாங்க உங்க வேலையக் கெடுத்தேன்" என்று அழுதாள்.

பக்கிரிசாமி கித்தான் முனையை முகர்ந்து பார்த்தான். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வண்டியத் திருப்புங்கண்ணே. இது என் இடத்துக்கு வந்த புது ஆளு காயவச்ச இலை. இதுவும் திரும்பி வந்தா பழி அவன்மேல விழும். அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்றான்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் துரை கித்தானை முகர்ந்தார், முகம் சுளித்தார். இனி லோரியோடு ஓர் ஆள் கிள்ளான் வரை போய், மூட்டை இறங்கும்வரை பார்த்து வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். பக்கிரிசாமியின் வேலைக்குத்தான் வேறு ஆள் வந்தாயிற்றே, என்ன செய்வது என்று கையை விரித்தார்.

துரையிடமிருந்து லோரிக்குத் திரும்பும் வழியில் அவர்களுடைய பழைய வீட்டில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. புதிதாக வந்தவனின் மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, லோரியில கருவாடு சொல்லிவிடலாமாமே? யார்கிட்ட சொல்லணும்?"

செல்லம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் தங்கச்சி" என்றாள்.