வால்வுப் பெட்டியின் உறுமல்

கரும்பு வெட்டு முடிந்த கையோடு கரியமாணிக்கம் கிராமத்து உலகநாதனுக்கு ஓர் ஆசை வந்தது. அவருடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பாட்டு சுத்தமாகத்தான் கேட்டது, ஆனால் குரல்களில் ஒரு வறட்சி. முன்னால் பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வு வைத்த ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றை மாட்டினால் குரல் கனியும், விலையும் கைக்கு அடக்கம் என்றார் தவளக்குப்பத்தில் ஆடியோ கடை வைத்திருக்கும் அன்புராஜ். கடையிலேயே மாட்டிக் காட்டினார். பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. உலகநாதன் அப்போதே வாங்கிவிட்டார்.

வீட்டில் மாட்டியதும் பாட்டுக்கு முன்னால் ஓர் உறுமல் வந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டு ஃபோனை நேராக ஆம்ப்பில் செருகினால் உறுமல் இல்லை. ஆக, கோளாறு பெட்டியில்தான்.

மனைவி மஞ்சுளாவின் தம்பி புகழ்வேந்தன் வயர்மேன். அந்த வீட்டுக்கே வயரிங் செய்தவன். வந்து கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“கடையில காட்டுனது வேற, கட்டிக் குடுத்தது வேற மாமா. நல்ல வால்வ உருவிக்கினு பழச சொருவியிருப்பான்.”

அந்தப் பேச்சு உலகநாதனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டியைக் கட்ட அன்புராஜ் உள்ளே போய் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்? மறுநாள் எடுத்துக்கொண்டு போனார். கடையில் மாட்டினால் துளி உறுமல் இல்லை. அதில் அவர் சமாதானம் ஆகவில்லை. டீ வந்தபோது தான் திரும்பிய அந்த நொடியில் என்னவோ நடந்திருக்கிறது என்று பட்டது. வீட்டுக்கு வந்தால் மறுபடி உறுமியது.

மூன்றாம் முறை போகும் முன் மஞ்சுளாவின் நெயில் பாலிஷை எடுத்து வால்வுகளின் அடியில் யாருக்கும் தெரியாமல் புள்ளி வைத்தார். கடையில் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே உறுமல் இல்லை, வீட்டில் இருந்தது. வால்வுகளைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தார். புள்ளிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அப்போதுதான் அவருக்கு வீட்டின் மேல் சந்தேகம் வந்தது.

கூப்பிட்டதும் அன்புராஜ் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார். தன்னை நம்பவில்லை என்ற வருத்தம் முகத்தில் இருந்தது, ஆனால் அதைப் பேசவில்லை. பெட்டியின் தகரத்தில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. பிளக் பாயின்ட்டைக் கழற்றிச் சோதித்துவிட்டு எர்த் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். மஞ்சுளா கொல்லைச் சுவரோரம் காட்டினாள். உப்பும் கரியும் கொட்டி ஆழமாகக் குழி போட்டதாகத் தம்பி சொல்லியிருந்தான்.

உலகநாதன் மண்வெட்டியை எடுத்து நாலு கொத்து கொத்தினார். பைப் கையோடு வந்துவிட்டது. ஒரு முழம்கூட இல்லை. அடியில் உப்பும் இல்லை, கரியும் இல்லை.

“கசியற கரண்ட்டு மண்ணுக்குப் போக வழி இல்லண்ணே. பாட்டு வயருலயே ஓடுது. அதான் உறுமுது,” என்றார் அன்புராஜ். “ஃபோன நேரா மாட்டறப்ப அது பேட்டரில ஓடறதால தெரியல.”

மஞ்சுளா தம்பிக்கு ஃபோன் போட்டு உடனே வரச் சொன்னாள். வந்தவன் குழியைப் பார்த்ததும் மழை, புதுமனைப் புகுவிழா அவசரம், பிறகு போட்டுவிடலாம் என்று இருந்தது என்று என்னென்னவோ சொன்னான். அவள் குரலை உயர்த்தவில்லை.

“ஆறு வருஷமா வாஷிங் மெஷின தொட்டா சுருக்குங்குதுன்னு சொல்றேன். செருப்பு போட்டுக்கக்கான்னு சொன்ன. நான் செத்திருந்தா இன்னாடா சொல்லியிருப்ப?”

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் பைப்பை முழு ஆழத்துக்கு இறக்கி, உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள்.

பெட்டி அடங்கிவிட்டது. குரல் கடையில் கேட்ட மாதிரியே வந்தது. உலகநாதன் அன்புராஜின் கையைப் பிடித்து, தப்பாக நினைத்துவிட்டேன் என்றார். அன்புராஜ் தலையை ஆட்டினார். சாப்பிடச் சொன்னதற்கு மட்டும் இன்னொரு நாள் என்று கிளம்பிவிட்டார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உலகநாதனால் அதில் மனம் வைக்க முடியவில்லை. கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகைக்கும் வயரிங் புகழ்வேந்தன்தான். தினமும் ஈரக் கையோடு அங்கே சுவிட்ச் போடுகிறார். எழுந்து வெளியே வந்தார். மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தான்.

“காலையில கடப்பாரையோட கரும்புக் கொல்லைக்கு வா,” என்றார்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை.